தொடக்ககாலப் பங்க் ராக்கில் தன்பாலீர்ப்பை மறைக்காத இசைக்கலைஞர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் ராக் என்ற வேகமான, கோபமான இசை கிளம்பியபோதே அதன் மேடைகளில் தன்பாலீர்ப்பாளர்கள் இருந்தார்கள். சிலர் அதைப் பாட்டிலேயே சொன்னார்கள். சிலர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. பங்க் வரலாறு என்று வழக்கமாக எழுதப்படுவதில் செக்ஸ் பிஸ்டல்ஸ், ரமோன்ஸ், க்ளாஷ் என்ற குழுக்களின் பெயர்களே இடத்தை எடுத்துக்கொள்கின்றன. மற்றவர்களுக்கு ஓரிரு வரி கிடைத்தால் பெரிது. அந்த மற்றவர்களைப் பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

இங்கே எந்தக் காலத்தை, எந்த ஊர்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ஏறத்தாழ 1974 முதல் 1984 வரை. நியூயார்க், லண்டன், மான்செஸ்டர், லாஸ் ஏஞ்சலஸ், டெக்சாஸின் ஆஸ்டின். பங்க் வேறு ஊர்களிலும் இருந்தது. ஆனால் தன்பாலீர்ப்பை மறைக்காமல் மேடையேறியவர்களின் கதை இந்த ஐந்து ஊர்களில்தான் நன்றாகத் தெரியவருகிறது.

பங்க் என்றாலே முரட்டு ஆண்களின் கூச்சல்தானே? இவர்கள் எப்படி அதற்குள் வந்தார்கள்?

இவர்கள் பங்க்குக்குள் வந்து சேர்ந்தார்கள் என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை. பல ஊர்களில் பங்க்தான் இவர்களுடைய இடத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

நியூயார்க்கின் க்ளப் 82 பல ஆண்டுகளாகப் பெண்வேடக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளுக்குப் பெயர்போன இடம். 1974-இல் நியூயார்க் டால்ஸ் குழு அங்கே பெண் உடையில் வந்து வாசித்தது. லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவும் அவர்களைச் சுற்றியிருந்த இளைஞர்களும் தொடக்க நாட்களில் கூடிய இடம், சோஹோ பகுதியில் போலண்ட் தெருவில் இருந்த லூயிஸ் என்ற லெஸ்பியன் விடுதி. தலைமுடியையும் உடையையும் பார்த்துத் தெருவில் அடிக்க வருகிறார்கள், சாதாரண மதுக்கடைகளில் உள்ளே விடுவதில்லை என்ற நிலையில், அவர்களை ஒன்றும் கேட்காமல் உட்காரவிட்ட இடம் அதுதான். லண்டன் பங்க்கின் முதல் முக்கிய அரங்கான ராக்ஸி, அதற்குமுன் ஷகுவராமாஸ் என்ற பெயரில் தன்பாலீர்ப்பாளர்களின் க்ளப்பாக நடந்தது. மான்செஸ்டரில் பங்க் இளைஞர்கள் கூடிய ராஞ்ச் பார், ஃபூ ஃபூ லம்மார் என்ற பெயரில் புகழ்பெற்ற பெண்வேடக் கலைஞருடையது.

உடைக்கும் இதே கதைதான். லண்டன் கிங்ஸ் ரோட்டில் 430-ஆம் எண் கடையில் செக்ஸ் பிஸ்டல்ஸின் மேலாளர் மால்கம் மெக்லாரனும் உடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் விற்ற சட்டைகளில் ஒன்றில், இடுப்புக்குக் கீழே உடையில்லாத இரண்டு கௌபாய் ஆண்கள் எதிரெதிரே நிற்பார்கள். தன்பாலீர்ப்பாளர்களுக்கான படங்களிலிருந்து எடுத்த ஓவியம் அது. 1975-இல் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிக்கடிலி பக்கம் நடந்த ஆலன் ஜோன்ஸ் என்ற இளைஞரைப் போலீஸ் கைது செய்தது.

முதலில் இப்படி வெளிப்படையாக மேடையேறியவர் யார்?

பங்க் வட்டத்தில் ஜேன் கவுண்டியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தன்பாலீர்ப்பாளர் என்று மட்டும் சொல்லிவிட்டால் அது அவரைச் சரியாகச் சொன்னதாகாது. அவர் திருநங்கை. 1947-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து, 1968-இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். 1969 ஜூனில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் விடுதியில் போலீஸுக்கு எதிராக வெடித்த கலவரத்தில் அவரும் இருந்தார். பின்னர் மேக்ஸஸ் கான்சஸ் சிட்டி என்ற புகழ்பெற்ற விடுதியில் இசைத்தட்டு போடும் வேலை, ஓவியர் ஆண்டி வார்ஹோல் வட்டத்தின் நாடகத்தில் நடிப்பு, அப்புறம் சொந்தக் குழு. அப்போது அவர் வேன் கவுண்டி என்ற பழைய பெயரில் பாடிக்கொண்டிருந்தார். 1977-இல் லண்டனுக்குப் போய் எலக்ட்ரிக் சேர்ஸ் என்ற குழுவோடு பாடினார். 1979-இல் ஜேன் என்ற பெயரை ஏற்றார்.

பாடகர் டேவிட் போவியின் மேலாண்மை நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால் ஒரு ஆல்பம்கூட வெளியிடவில்லை. நியூயார்க் பங்க்கின் தாய்வீடு என்று சொல்லப்படும் சிபிஜிபி அரங்கில் வாசித்தவர்களில் பலருக்குப் பெரிய நிறுவனங்களின் கதவு திறந்தது, இவருக்குத் திறக்கவில்லை. திறமைக் குறைவுதான் காரணம் என்று அவர் பாடிக் கேட்ட யாரும் சொல்ல மாட்டார்கள்.

சிபிஜிபியில் நடந்த அந்த மைக் ஸ்டாண்ட் சம்பவம் என்ன?

1976 மார்ச் மாதம். ஜேன் கவுண்டி பாடிக்கொண்டிருந்தபோது, டிக்டேட்டர்ஸ் குழுவின் பாடகர் ஹேண்ட்சம் டிக் மேனிடோபா கீழேயிருந்து தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் சொற்களைக் கத்தினார். பிறகு மேடைப்பக்கம் ஏறி வந்தார். ஜேன் மைக் ஸ்டாண்டை எடுத்து வீசியதில் மேனிடோபாவின் காறை எலும்பு முறிந்தது. ஜேன் மீது வழக்கு வந்தது. அந்தச் செலவுக்காக மேக்ஸஸில் இசைக்கலைஞர்கள் சேர்ந்து நிதிக் கச்சேரி நடத்தினார்கள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. 'மது வேகத்தில் செய்த குறும்பு, இதற்குப் போய் இப்படியா?' என்று ஒரு தரப்பு கேட்டது. வசவைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நிற்பதுதான் ஒழுங்கு என்று ஜேனிடம் எதிர்பார்க்க யாருக்கும் உரிமை இல்லை என்பது என் கருத்து. மேடையில் தனியாக நிற்கும் ஒருவரை நோக்கி, அதுவும் தெருவில் அடி வாங்கிப் பழகியவரை நோக்கி, குடித்த ஆள் ஒருவர் ஏறி வந்தால் அது அவருக்குக் குறும்பாகத் தெரியாது.

அப்போது சட்டம் என்ன சொன்னது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967-இல் சட்டம் தளர்ந்தது. 21 வயது நிரம்பிய இரு ஆண்கள், தனிமையில் மட்டும் என்ற நிபந்தனையோடு. ஸ்காட்லாந்துக்கு 1980-இல்தான் சட்டத் திருத்தம் வந்தது, வட அயர்லாந்துக்கு 1982-இல். ஆக, பங்க் உச்சத்தில் இருந்த 1977-இல் கிளாஸ்கோவிலோ பெல்ஃபாஸ்டிலோ இரண்டு ஆண்கள் உடலுறவு கொள்வது சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறியது. டெக்சாஸ் சட்டத்தைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

'கிளாட் டு பி கே' பாடல் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

பாடியவர் டாம் ராபின்சன். 1950-இல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். 13 வயதில் பள்ளித் தோழன் மேல் காதல் வந்தபோது, அது சிறைக்கு அனுப்பும் குற்றமாக இருந்த காலம். 16 வயதில் தற்கொலைக்கு முயன்றார். அதன்பின் கென்ட் பகுதியில், மனம் உடைந்த இளைஞர்களுக்கான ஒரு விடுதியில் சில ஆண்டுகள் இருந்தார். அங்கேதான் இசை அவருக்குப் பிழைக்கும் வழியானது. இந்த விவரங்களை அவரே பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

1976-இல் லண்டன் தன்பாலீர்ப்பாளர் பேரணிக்காக அந்தப் பாடலை எழுதினார். தன்பாலீர்ப்பாளராக இருப்பதில் மகிழ்ச்சி என்ற பெயரைப் பார்த்தால் கொண்டாட்டப் பாட்டு போலத் தோன்றும். உள்ளே இருப்பது கோபம். தன்பாலீர்ப்பாளர்களின் விடுதிகளில் போலீஸ் காரணமில்லாமல் புகுந்து சோதனை போடுவது, செய்தித்தாள்களின் இரட்டை வேடம், தன்பாலீர்ப்பாளர்களின் 'கே நியூஸ்' இதழ் துரத்தப்படுவது, தெருவில் அடித்துப் போடப்படுவது என ஒவ்வொரு சரணத்திலும் ஒரு கொடுமையைச் சொல்லிவிட்டு, கூட்டத்தோடு சேர்ந்து பாடும்படி ஒரு பல்லவி. அந்தப் பல்லவியை ஆயிரம் பேர் சேர்ந்து பாடும்போது அதைப் பாடத் தயங்குபவர் யார், பாடுபவர் யார் என்று கூட்டத்துக்கே தெரிந்துவிடும். பாட்டின் பலம் அங்கே இருக்கிறது.

டாம் ராபின்சன் பேண்டின் முதல் சிங்கிளான '2-4-6-8 மோட்டர்வே' 1977-இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 5-ஆம் இடம் வரை போயிருந்தது. லாரி ஓட்டுநர்கள்கூடப் பாடக்கூடிய பாட்டு. அந்த வெற்றியை வைத்துக்கொண்டு அடுத்தும் அதே மாதிரி ஒன்று போட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் 1978 பிப்ரவரியில் வந்த 'ரைசிங் ஃப்ரீ' தட்டில் 'கிளாட் டு பி கே' பாடலைச் சேர்த்தார். தட்டு 18-ஆம் இடம் வந்தது. பிபிசி ரேடியோ 1 தன் வாராந்திரப் பட்டியல் நிகழ்ச்சியில் அந்தப் பாடலைப் போட மறுத்தது. லண்டனின் கேப்பிட்டல் ரேடியோவிலோ நேயர்கள் வாக்களித்து ஆறு வாரம் தொடர்ந்து அதை முதலிடத்தில் வைத்தார்கள்.

1978 ஏப்ரல் 30-ஆம் தேதி, இனவெறிக்கு எதிரான ராக் இயக்கம் லண்டன் விக்டோரியா பூங்காவில் நடத்திய பெரும் கச்சேரியில் க்ளாஷ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், ஸ்டீல் பல்ஸ் ஆகியோரோடு டாம் ராபின்சன் பேண்டும் வாசித்தது. கூட்டத்தில் நின்ற 20 வயது பில்லி ப்ராக், பின்னாளில் பெரிய பாடகர், அன்று இந்தப் பாட்டின்போது தன்னைச் சுற்றி ஆண்கள் ஒருவரையொருவர் முத்தமிட்டதைப் பார்த்தார். இனவெறிக்கு எதிராக நிற்க வந்த இடத்தில் இவர்கள் எதற்கு என்று முதலில் குழம்பியதாகவும், ஒடுக்குபவர்கள் இரு தரப்புக்கும் ஒருவரே என்பது அங்கேயே புரிந்துவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். ஒரு பாட்டு இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

டாம் ராபின்சன் பின்னர் ஒரு பெண்ணை மணந்தாரே?

ஆமாம், பிள்ளைகளும் உண்டு. அப்போது சில செய்தித்தாள்கள் அவரை ஏமாற்றுக்காரர் போலச் சித்தரித்தன. அவர் எதையும் மறைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. தன்னை இருபாலீர்ப்பாளர் என்று சொல்லிக்கொண்டு, அதே பாடலைத் தொடர்ந்து பாடினார். காலத்துக்கேற்பச் சரணங்களை மாற்றி எழுதியும் வந்தார். அவருடைய பாட்டைப் போட மறுத்த அதே பிபிசியில் பின்னர் பல ஆண்டுகள் நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்தார்.

மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழுவில் பாடிய பீட் ஷெல்லியையும் இதில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். அவர் இருபாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். 1978-இல் 12-ஆம் இடம் வந்த 'எவர் ஃபாலன் இன் லவ்' பாடல் ஒரு ஆணை நினைத்து எழுதியது. ஆனால் தன் காதல் பாடல்களில் 'அவன்', 'அவள்' என்று வராதபடி பார்த்துக்கொண்டார். கேட்பவர் யாராக இருந்தாலும் அது தன் பாட்டு என்று நினைக்கட்டும் என்பது அவர் எண்ணம். இதைச் சிலர் ஒளிந்துகொள்வது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முரட்டுப் பாட்டுகளுக்கு நடுவே, கைகூடாத காதலை ஒரு ஆண் இவ்வளவு நேராகப் பாடியதே அன்றைக்குப் புதிது.

1981-இல் தனியாக வெளியிட்ட 'ஹோமோசேப்பியன்' பாட்டில் அந்த மறைப்பும் இல்லை. பிபிசி அதைத் தடை செய்தது. அவர் 2018 டிசம்பரில் எஸ்டோனியாவின் தாலினில் காலமானார்.

லாஸ் ஏஞ்சலஸில் என்ன நடந்தது?

அங்கே ஸ்க்ரீமர்ஸ் என்ற குழு. கிடாரே கிடையாது, கீபோர்டும் ட்ரம்ஸும் மட்டும். பாடகர் டொமாட்டா டு ப்ளென்ட்டி, சியாட்டிலில் பெண்வேட நாடகக் குழுவில் இருந்து வந்தவர். அந்த நடிப்பை அப்படியே பங்க் மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த ஊரில் அவர்களுடைய கச்சேரிக்குக் கூட்டம் முண்டியடித்தது.

1978-இல் தொடங்கிய நெர்வஸ் ஜெண்டர் இன்னும் கரடுமுரடானது. சின்தசைசரை வைத்து இரைச்சல் எழுப்பி, மதத்தையும் ஆண்மைப் பெருமையையும் தாக்கிப் பாடினார்கள். அதன் ஜெரார்டோ வெலாஸ்கெஸ் மெக்சிகோ வம்சாவளியினர், தன்பாலீர்ப்பாளர். எய்ட்ஸ் அவரை 1992-இல் கொண்டுபோனது.

பெண்கள் யாரும் இல்லையா?

நெர்வஸ் ஜெண்டரிலேயே ஃப்ராங்க் இருந்தார். ஒட்ட வெட்டிய முடி, ஆண் சட்டை, தன்னை லெஸ்பியன் என்று சொல்லத் தயக்கமே இல்லை. கத்தலில் பாட்டின் சொற்கள் காணாமல் போகின்றன என்று பட்டதால் பிறகு ஒற்றைக் கிடாரோடு நாட்டுப்பாடல் பாணிக்குப் போனார். 'அமெரிக்க யூத லெஸ்பியன் நாட்டுப்பாடகி' என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். ஆனாலும் பெண்களின் எண்ணிக்கை குறைவுதான். பெண் என்பதற்கே மேடையில் கேலி கேட்க வேண்டியிருந்த காலம், அதற்குமேல் இதையும் சொல்வது இரட்டைச் சுமை.

எல்லோரும் வெளிப்படையாக இருந்தார்களா?

இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் ஜெர்ம்ஸ் குழுவின் டார்பி க்ராஷ் தன்பாலீர்ப்பாளர், ஆனால் அதைத் தன் ரசிகர் கூட்டத்திடமிருந்து மறைத்தே வாழ்ந்தார். 1980 டிசம்பர் 7-ஆம் தேதி வேண்டுமென்றே அளவுக்கு மீறி ஹெராயின் எடுத்து இறந்தபோது வயது 22. மறுநாள் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜான் லெனன் சுடப்பட்டதால் இவர் சாவு செய்தியாகக்கூட நிற்கவில்லை. அவர் சாவுக்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தன்னைப் பற்றிய ஒரு பெரிய உண்மையைச் சொல்ல அந்த ஊர் மேடையில்கூட அவருக்குத் துணிச்சல் வரவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

மினியாபோலிஸின் ஹஸ்கர் டூ குழுவில் மூவரில் இருவர், பாப் மோல்டும் க்ராண்ட் ஹார்ட்டும், ஆண்களைக் காதலித்தவர்கள். குழு இருந்தவரை அதைப் பொதுவில் பேசவில்லை. மோல்ட் 1994-இல்தான் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார்.

டெக்சாஸ் போன்ற இடத்தில் இது எப்படிச் சாத்தியமானது?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. இந்தக் கதையில் என் மனம் போய் நிற்கும் இடம் ஆஸ்டின்.

1974 முதல் நடைமுறையில் இருந்த டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 21.06 பிரிவு, ஒரே பாலினத்தவரின் உடலுறவை அபராதத்துக்குரிய குற்றமாக வைத்திருந்தது. அதே செயலை ஆணும் பெண்ணும் செய்தால் குற்றமில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003 ஜூன் 26-ஆம் தேதி லாரன்ஸ் வழக்கில் தீர்ப்பளிக்கும்வரை இந்தச் சட்டம் இருந்தது. அந்த மண்ணில், ஒரே ஊரில், ஒரே நேரத்தில் இரண்டு பங்க் குழுக்களின் பாடகர்கள் தாங்கள் யார் என்பதை மறைக்காமல் மேடையேறினார்கள்.

ஒருவர் டிக்ஸ் குழுவின் கேரி ஃப்ளாய்ட். பருத்த உடம்பு, ப்ளூஸ் பாடகருக்குரிய கனத்த குரல். வியட்நாம் போருக்கு அழைப்பு வந்தபோது மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர், தன்னைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர். குழு உருவாகும் முன்பே, இல்லாத கச்சேரிக்கு ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டி விளையாடினார்கள். 1980-இல் உண்மையாகவே மேடையேறியபோது பெண் உடையும் தடித்த ஒப்பனையுமாக வந்து நின்றார். அதே ஆண்டு வந்த முதல் சிங்கிள் 'டிக்ஸ் ஹேட் தி போலீஸ்'. அந்தப் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். போலீஸை வெளியிலிருந்து திட்டும் பாட்டு இல்லை அது. துப்பாக்கி கையில் வந்துவிட்ட ஒரு போலீஸ்காரன் தன் அம்மாவிடம் பேசுவதாக எழுதியிருக்கிறார். அதிகாரம் கிடைத்தவனின் வாயிலிருந்தே அதன் வக்கிரம் வெளியே வருகிறது. தன்பாலீர்ப்பாளராக, இடதுசாரியாக டெக்சாஸில் வளர்ந்த ஒருவருக்கு அந்தக் குரல் நன்றாகப் பழகியிருக்கும்.

இன்னொருவர் பிக் பாய்ஸ் குழுவின் ராண்டி டர்னர். எல்லோரும் பிஸ்கட் என்றுதான் கூப்பிட்டார்கள். இவரும் பெரிய உருவம். பாலே நடனப் பாவாடை, கண்டதையும் ஒட்டித் தைத்த உடை என்று ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு கோலம். இசையில் ஃபங்க் என்ற கறுப்பின நடன இசையும் கலந்திருக்கும், கீழே ஸ்கேட்போர்டு பையன்கள் குதிப்பார்கள். கச்சேரி முடிவில் கூட்டத்தைப் பார்த்து, போய் உங்கள் சொந்தக் குழுவைத் தொடங்குங்கள் என்பார்.

இரண்டு குழுவுக்கும் வீடு, பல்கலைக்கழகத்துக்கு எதிரே குவாடலூப் தெருவில் இருந்த ரால்ஸ் என்ற சிறிய பார். ஆஸ்டினில் இவர்களைப் பார்த்து வளர்ந்த பதின்வயதுப் பையன்களுக்கு, ஊரின் இரண்டு பெரிய பங்க் பாடகர்களும் தன்பாலீர்ப்பாளர்கள் என்பது இயல்பான செய்தியாக இருந்தது. இதை நான் மிகப் பெரிய சாதனையாகப் பார்க்கிறேன்.

கேரி ஃப்ளாய்ட் பிறகு சான் பிரான்சிஸ்கோ போய் சிஸ்டர் டபுள் ஹேப்பினஸ் குழுவை நடத்தினார். 2024 மே மாதம் காலமானார். பிஸ்கட் ஆஸ்டினிலேயே ஓவியராகவும் வாழ்ந்தார். 2005 ஆகஸ்டில் அவர் வீட்டில் இறந்து கிடந்தார். ஊரின் வார இதழ் அவரை அட்டையில் போட்டு வெளிவந்ததும் அதே நாளில்தான்.

பங்க் உலகம் இவர்களை ஏற்றுக்கொண்டதா?

ஊருக்கு ஊர் வேறு. 1982-இல் பேட் ப்ரெய்ன்ஸ் ஆஸ்டின் வந்தார்கள். இனவெறியைச் சந்தித்துச் சந்தித்து வந்த கறுப்பினக் குழு, அபாரமான வாசிப்பு. பிக் பாய்ஸ் அவர்களை உபசரித்தார்கள். பிஸ்கட் தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்ததும், ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தஃபாரி மத நம்பிக்கையைக் காட்டி அவரை வெறுப்போடு நடத்தினார்கள். போகும்போது ஒரு வசைச் சீட்டையும் விட்டுப் போனார்கள். டெக்சாஸ் குழுவான எம்டிசி இதைப் பங்க் உலகம் முழுக்கப் பேசவைத்தது. பேட் ப்ரெய்ன்ஸ் உறுப்பினர் ஒருவர் பின்னாளில் வருத்தப்பட்டுப் பேசினார். இசைக்காக அவர்களை இன்றும் கேட்கலாம். ஆனால் இந்தச் சம்பவத்தைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குவது பிஸ்கட்டுக்குச் செய்யும் அநியாயம்.

1980களில் ஹார்ட்கோர் என்ற, இன்னும் வேகமான, முரட்டுத்தனமான பங்க் வளர வளர, கச்சேரிகள் பையன்களின் மல்யுத்தக் களமாக மாறிக்கொண்டு வந்தன. தொடக்கத்தில் இருந்த நாடகத்தனமும் அலங்காரமும் வெளியே தள்ளப்பட்டன.

அதற்கு எதிர்வினை வந்ததா?

வந்தது. 1985-இல் டொராண்டோவில் ஜி.பி. ஜோன்ஸும் ப்ரூஸ் லாப்ரூஸும் 'ஜே.டி.ஸ்' என்ற கையச்சு இதழைத் தொடங்கினார்கள். அதிலிருந்து க்வியர்கோர் என்ற, தன்பாலீர்ப்பாளர்களின் பங்க் இயக்கமே வளர்ந்தது. 1991-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பேன்சி டிவிஷன், 1994-இல் க்ரீன் டே குழுவோடு பயணம் போய், பெரிய அரங்குகளில் பதின்வயதுக் கூட்டத்தின் முன் ஆண் காதலைப் பாடியது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலில் 'ரைசிங் ஃப்ரீ'. பிறகு எலக்ட்ரிக் சேர்ஸ் காலத்து ஜேன் கவுண்டி. டிக்ஸ், பிக் பாய்ஸ் இரண்டையும் ஒன்றாகக் கேட்க, ரால்ஸ் பாரில் 1980-இல் நேரடியாகப் பதிவான தட்டு இருக்கிறது. ஒரு பக்கம் ஒரு குழு, மறுபக்கம் மற்றது. ஒலிப்பதிவு சுத்தமாக இருக்காது, அதற்காக விட்டுவிடாதீர்கள். ஸ்க்ரீமர்ஸ் குழு இருந்தவரை ஒரு தட்டுகூட வெளியிடவில்லை. அவர்களுடைய 1977 டெமோ பதிவுகள் 2021-இல் வெளிவந்தன. 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் எடுத்த காணொளியும் உண்டு, டொமாட்டாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பதுதான் நல்லது.